பள்ளி மணி ஓய்ந்த வீட்டில்: பணி நிறைவு பெற்ற ஆசிரியரின் வாழ்க்கைத் துணை அறிய வேண்டியவை

பணி நிறைவுப் பாராட்டு விழாக்களில் ஆசிரியருக்கு அருகே அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் ஒரு நாற்காலி இடுவது நம் பள்ளிகளின் நல்ல வழக்கம். இருவருக்கும் மாலை அணிவிக்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், முப்பது, முப்பத்தைந்து ஆண்டுப் பணியை வாழ்த்திப் பலரும் பேசுகிறார்கள். விழா முடிந்து, நினைவுப் பரிசும் பழத்தட்டுமாக வீடு திரும்பியதும், அந்த இரண்டாவது நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு ஒரு புதிய பொறுப்பு தொடங்குகிறது. மேடையில் அதைப்பற்றி எவரும் சொல்வதில்லை. பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவில் வயது நிறைவோர் ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் தொடரும் நடைமுறை இருப்பதால், பலருடைய பள்ளி வாழ்க்கை கோடை விடுமுறையோடு முடிகிறது. முதல் சில வாரங்கள் வழக்கமான விடுமுறையைப் போலவே கழிந்துவிடும். பள்ளி திறக்கும் நாளன்று காலையில்தான், கிளம்பிச் செல்ல இடமில்லை என்பது உறைக்கும். அதன்பின் ஓரிரு மாதங்களில் இவர்களில் சிலர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் தாமாக வருவதில்லை. துணைவியோ கணவரோ அழைத்து வருகிறார்.

அவர்களிடம் பேசும்போது நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒன்று உண்டு. பணியில் இருந்தவரை உடலின் எல்லாத் தொல்லைகளுக்கும் பள்ளிதான் காரணம் என்று வீட்டில் சொல்லப்பட்டு வந்திருக்கும். பணி நிறைவுக்குப் பின் எல்லாத் தொல்லைகளுக்கும் ஓய்வுதான் காரணம் என்று சொல்லப்படும். இவ்விரண்டு விளக்கங்களும் பல நேரங்களில் உண்மையே. ஆயினும் இவற்றுக்கு இடையில் நோய் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. அதை முதலில் காணக்கூடியவர் உடன் வாழ்பவர்.

காலை ஒன்பது மணிக் கோபம்

அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்னும் இரு மாத்திரைகளை அவர் உட்கொண்டு வந்தார். பொறுமைக்குப் பெயர் பெற்றவர், ஓய்வுக்குப் பின் காலை ஒன்பது மணியளவில் காரணமின்றிச் சினம் கொள்கிறார். நாளிதழ் மடிப்பு சரியில்லை என்பதற்குக்கூடக் குரலை உயர்த்துகிறார். "வேலை போன வருத்தம், விட்டுப்பிடியுங்கள்" என்று பிள்ளைகள் அறிவுரை கூறியிருக்கிறார்கள். மனைவியும் பொறுத்துப் போனார். ஒருநாள் நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தவரின் கை நடுங்கியது. சட்டை நனையுமளவு வியர்த்தது. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை வந்தது. பக்கத்து வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தபோது சர்க்கரை அளவு 54. சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் பழையபடி ஆனார்.

என்ன நடந்தது? பள்ளிக்குச் சென்ற நாட்களில் காலை ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்குச் சிற்றுண்டி. ஓய்வுக்குப் பின் மாத்திரையின் நேரம் பழக்கத்தால் மாறவில்லை. ஆனால் அதன்பின் ஒரு மணி நேர நடைப்பயிற்சி, நாளிதழ், குளியல், பூசை எல்லாம் முடித்துச் சிற்றுண்டிக்கு அமரும்போது மணி ஒன்பதரை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. உணவு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. உணவும் வராமல், நடையும் சேர்ந்துகொண்டதால் இரத்தச் சர்க்கரை இறங்கியது. சர்க்கரை தாழும்போது மூளைக்கு எரிபொருள் குறைகிறது. எரிச்சல், நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றுகின்றன. வீட்டார் அவரது குணம் மாறிவிட்டது என்று எண்ணியது மாத்திரைக்கும் உணவுக்கும் இடையே விழுந்த இரண்டரை மணி நேர இடைவெளியின் விளைவு. நாங்கள் மாத்திரையின் அளவைக் குறைத்து, அதை உட்கொள்ளும் நேரத்தைச் சிற்றுண்டியோடு பிணைத்தோம். காலைக் கோபம் நின்றது.

இந்நிகழ்விலிருந்து ஒவ்வொரு வீடும் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: பணி நிறைவு பெறும்போது அன்றாட அட்டவணை முழுவதும் மாறுகிறது, மருந்துச் சீட்டு மட்டும் பழைய அட்டவணையிலேயே நிற்கிறது. எனவே ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே, புதிய உணவு நேரங்களையும் நடைப்பயிற்சி நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டுடன் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள். ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை குறித்தும் ஒரு சொல். "பள்ளி டென்ஷன் போய்விட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று தாமே நிறுத்திவிடுவோரைப் பார்க்கிறோம். அழுத்தம் இயல்பாக இருப்பது மாத்திரையின் பயனால் இருக்கலாம். வீட்டிலேயே, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு அளந்து குறித்து வாருங்கள். வீட்டு அளவு தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தமே. குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைப்பதா என்பதை அக்குறிப்பைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

பள்ளியின்மேல் போட்ட பழி

"பாடம் நடத்தி நடத்தித் தொண்டை கட்டிவிட்டது", "நின்று நின்று கால் வீங்கிவிட்டது", "விடைத்தாள் திருத்திக் கண் மங்கிவிட்டது" ஆகியவை ஆசிரியர் வீடுகளில் பழகிய வாக்கியங்கள். காரணம் பள்ளியே என்றால், பள்ளி நின்றதும் தொல்லையும் குறைய வேண்டும். குறையாதபோது, விளக்கம் காலாவதியாகிவிட்டது என்று பொருள்.

குரல்: உரக்கப் பேசுவோரின் குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றுவது ஆசிரியர்களிடம் பரவலாகக் காணப்படும் தொல்லை. குரலுக்கு ஓய்வு கிடைத்தபின் கரகரப்பு படிப்படியாகக் குறைவதே இயல்பு. பணி நிறைவுக்குப் பின் நான்கு வாரம் கடந்தும் குரல் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைக் கருவியின் துணையுடன் நேரில் பார்க்க வேண்டும். புகைப் பழக்கம் உள்ளவரோ, விழுங்குவதில் சிரமம் உள்ளவரோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. குரல்வளைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக நன்று. அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தக் கரகரப்புதான்.

கால்: நெடுநேரம் நிற்பதால் கால்களில் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருளும். நிற்பது நின்றபிறகும் இரு கால்களும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். அம்லோடிபின் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகளாலும் வீக்கம் வரும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் கட்டி உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சிறுநீர்: பெண் ஆசிரியர்கள் பலர், கழிப்பறை வசதி போதாமையால் நீர் அருந்துவதைக் குறைத்தும் சிறுநீரை அடக்கியும் பழகியவர்கள். வீட்டிலிருக்கும்போதும் அப்பழக்கம் தொடர்வதுண்டு. எரிச்சல், அடிக்கடி கழித்தல், சிறுநீரில் இரத்தம் ஆகியவை இருந்தால் பரிசோதனை தேவை. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தப்போக்கு தோன்றினாலும் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்கள் இரவில் பலமுறை எழுவதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல், சர்க்கரையையும் புராஸ்டேட் சுரப்பியையும் பார்க்க வேண்டும்.

உறக்கம்: பகலெல்லாம் தூங்கி வழிவதை "இத்தனை ஆண்டு உழைப்பின் களைப்பு" என்பார்கள். இரவில் உரத்த குறட்டை, நடுவில் மூச்சு சில வினாடிகள் நின்று திணறலுடன் மீள்வது ஆகியவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அது உறக்க மூச்சுத் தடை என்னும் நோய். இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது. நோயாளிக்கு இது தெரியாது. பார்க்கும் ஒரே சாட்சி நீங்கள்.

ஆசிரியர் வீடுகளில் இன்னொரு வாக்கியமும் உண்டு: "லீவில் பார்த்துக்கொள்ளலாம்." காலாண்டு விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் ஒத்திவைக்கப்பட்ட கண்புரை, குடலிறக்கம், மார்பகக் கட்டி, பல்வலி ஆகியவற்றின் நீண்ட பட்டியலை நாங்கள் கேட்டிருக்கிறோம். நீண்ட விடுமுறை வந்துவிட்டது. பட்டியலை எடுங்கள்.

ஓய்வின்மேல் போடும் பழி

முதல் இரண்டு மூன்று மாதங்கள் ஒருவித அமைதியின்மை இருப்பது இயல்பு. நாள்தோறும் நூறு பேர் வணக்கம் சொன்ன இடத்திலிருந்து, அழைப்பு மணி ஒலிக்காத வீட்டுக்கு வந்திருக்கிறார். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும், உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திருத்துவதும், எப்போதும் போல அதிகாலையில் எழுந்து அமர்வதும் நோயல்ல. நாட்கள் செல்லச் செல்ல அவருக்கென்று ஒரு புதிய ஒழுங்கு உருவாகும்.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நேரமும், முகத்தில் தெளிவின்றி எதிலும் நாட்டமின்றி இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். விரும்பிப் படித்த நூலைத் திறக்காமை, பழைய மாணவர் வீட்டுத் திருமண அழைப்பைத் தட்டிக்கழித்தல், கைப்பேசி ஒலித்தாலும் எடுக்காமை, பசியின்மை, விடியுமுன் விழித்துப் பின் உறங்க முடியாமை, "என்னால் இனி யாருக்கு என்ன பயன்" என்னும் பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். புதிதாகத் தொடங்கிய அல்லது கூடிய மதுப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இச்சோர்வுக்கு உடல் சார்ந்த காரணங்களும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு ஏற்படக்கூடிய வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றை எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். இறப்பைப் பற்றிய பேச்சு எழுந்தால் தாமதிக்காதீர்கள். அன்றே அழைத்து வாருங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

மறதியைப் பொறுத்தவரை, இருபது ஆண்டுக்கு முந்தைய மாணவனின் பெயர் நினைவுக்கு வராதது கவலைக்குரியதன்று. நாள்தோறும் நடந்த தெருவில் வழி தடுமாறுவதும், கணக்கு ஆசிரியர் கடையில் மீதிச் சில்லறையை எண்ண முடியாமல் நிற்பதும், ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கேட்பதும் கவலைக்குரியவை. தொலைக்காட்சியின் ஒலியை நாளுக்கு நாள் கூட்டுகிறார் என்றால் செவித்திறனைச் சோதியுங்கள். கேட்காதவர் உரையாடலிலிருந்து விலகுவார். அவ்விலகலை நாம் வருத்தம் என்றோ மறதி என்றோ எண்ணிவிடுவோம்.

ஆசிரியரின் துணைக்கு மட்டுமே வாய்த்த ஓர் அளவுகோலும் உண்டு. அது அவருடைய கையெழுத்து. கரும்பலகையிலும் பதிவேடுகளிலும் வாழ்நாளெல்லாம் எழுதியவரின் எழுத்து, வரியின் இறுதிக்குச் செல்லச் செல்லச் சிறுத்து நெருங்குமானால், நடக்கையில் ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டியிருக்குமானால், குரல் தணிந்து நடை மெதுவாகுமானால், அது பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம். "ஓய்வு பெற்றபின் மந்தமாகிவிட்டார்" என்ற சொல்லுக்குப் பின்னால் இந்நோய் சில ஆண்டுகள்கூட மறைந்திருக்கக்கூடும். பழைய குறிப்பேடு ஒன்றையும் புதிதாக எழுதிய பக்கம் ஒன்றையும் கொண்டுவந்து காட்டுங்கள். எங்களுக்கு அது பேருதவி.

உணவைக் குறைக்காமலே எடை இறங்குவதும் அவ்வாறே. 60 கிலோ எடையுள்ளவர் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் இழந்தால் காரணம் தேட வேண்டும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. "சற்றுப் படுத்து எழுந்தால் சரியாகும்" என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எப்படிச் சொல்வது?

முப்பது ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, பிறர் சொல்லித் தாம் கேட்பது எளிதில் பழகாது. "உங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். விவாதத்தை விடுத்து, பார்த்ததை நாள், நேரத்துடன் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். மருத்துவரைக் காண வரும்போது நீங்களும் உள்ளே வாருங்கள். அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி முடித்தபின், நாங்கள் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்போம். அப்போது தயங்காமல் குறிப்பைப் படியுங்கள். அது குற்றச்சாட்டு ஆகாது. எங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பரிசோதனை அறிக்கைகளுள் ஒன்று.

பதிவேட்டை அவரிடமே கொடுத்துவிடுவதும் நல்ல வழி. வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பிழையின்றி வைத்தவர், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உங்களைவிட நேர்த்தியாக எழுதுவார். எழுந்திருக்கும் நேரம், உணவு நேரம், மாத்திரை நேரம் ஆகிய மூன்றையும் மட்டும் முதலில் நிலைப்படுத்துங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படியான நடை, வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வகுப்பறையில் நின்றும் நடந்தும் பழகிய உடல் திடீரெனச் சாய்வு நாற்காலிக்கு மாறுவது நல்லதன்று.

உங்கள் உடலும் கணக்கில் உண்டு

கணவர் ஓய்வு பெற்ற வீட்டில் மனைவியின் வேலை கூடிவிடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். முன்பு காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வீடு அவருடையது. மதியம் உள்ளதை உண்டு சற்றுக் கண்ணயர்வார். இப்போது சூடான மதிய உணவு, நடுவில் இருமுறை காபி, வந்து போகும் விருந்தினர் என்று அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. மூட்டு வலி கூடுகிறது. அவருடைய மாத்திரைதான் மறந்துபோகிறது. மனைவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வீட்டிலோ, "இனி வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒரு சொல்லில் சமையலும் பேரக்குழந்தையும் மாமியாரின் பராமரிப்பும் முழுமையாக அவர்மேல் வந்து விழுகின்றன. அவருக்குப் பள்ளி ஓய்வு தந்தது, வீடு தரவில்லை. இதை மருத்துவர்களாகவே சொல்கிறோம்: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது ஒவ்வொருவருக்கும் தனித்த நேரமாக இருக்கட்டும். பரிசோதனைக்கு ஒருவர் பெயரை எழுதும்போது மற்றவர் பெயரையும் எழுதுங்கள்.

முதல் மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டியவை

• புதிய அன்றாட அட்டவணையுடன் எல்லா மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுதல்.
• இருவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனை. தேவைப்பட்டால் தைராய்டும் வைட்டமின் பி12-உம்.
• கண், செவி, பல் பரிசோதனை. பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் பரிசோதனை.
• இருவரின் எடையையும் எழுதி வைத்தல்.
• விடுமுறைக்கென ஒத்திவைத்த சிகிச்சைகளின் பட்டியல்.
• ஓய்வூதியருக்கான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பெற்று, அதில் துணையின் பெயர் சரியாக உள்ளதா என்று பார்த்தல். நோய் வந்தபின் அட்டையைத் தேடி அலைவது மிகுந்த துன்பம்.

ஆண்டுதோறும் ஓய்வூதியர் நேர்காணலுக்குச் செல்ல வேண்டியிருக்கும். அந்த மாதத்தையே இருவருக்குமான ஆண்டுப் பரிசோதனை மாதமாக வைத்துக்கொண்டால் மறக்காது.

மேலே சொன்ன கணித ஆசிரியர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைவியுடன் வருகிறார். கட்டம் போட்ட குறிப்பேட்டில் சர்க்கரை அளவுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 70-க்குக் குறைந்தவற்றுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. சென்ற முறை வந்தபோது அதே குறிப்பேட்டில் இரண்டாவதாக ஒரு பத்தியும் இருந்தது. மனைவியின் இரத்த அழுத்தத்தை அவரே அளந்து எழுதத் தொடங்கியிருந்தார்.